படிக்கட்டின் வரலாறு



வடசென்னையில் துறைமுகத்திற்கு அருகே ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. அதன் முகப்பில் வரிசையாக நிற்கும் பெருந்தூண்களைக் கண்டால், ரயில் நிலையமா, ஆட்சியாளர் ஒருவரின் மாளிகையா என்ற ஐயம் எழும். 1856-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28-ஆம் நாள், சென்னை ஆளுநராயிருந்த ஹாரிஸ் பிரபுவின் முன்னிலையில் அது திறக்கப்பெற்றது. ஜூலை முதல் நாளிலிருந்து பொதுமக்கள் பயணம் செய்யலாயினர். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்ற அந்தப் பாதையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. பழைய கட்டடத்தோடு இன்றும் நிலைத்திருக்கும் நம் நாட்டு நிலையங்களுள் மிகப் பழையதும் அதுவே.

இச்செய்திகளை நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். நான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புவது பாடநூல்கள் கேளாத ஒரு கேள்வி. அந்த வண்டியில் யாரால் ஏற முடிந்தது? கட்டணம் செலுத்த யாரால் முடிந்தது என்று கேட்கவில்லை. அது வேறு வரலாறு. கால் ஊன்றி, உடலைத் தூக்கி, தரையிலிருந்து வண்டிக்குள் செல்ல யாரால் முடிந்தது என்றே கேட்கிறேன். முதியவர், கருவுற்ற பெண், ஊன்றுகோல் பிடித்தவர், ஒரு காலை இழந்த தொழிலாளி, சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் ஆகிய இவர்கள் ஒரு பெருநகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எவ்வாறு சென்றனர்? சென்றனரா?

ஒரு படி என்பது மலையைப் போலவோ ஆற்றைப் போலவோ இயற்கையாக அமைந்த பொருளன்று. யாரோ ஒருவர் வரைபடத்தில் கோடு வரைந்து, அளவு எழுதி, கையெழுத்திட்டதால் அது தோன்றியது. ஆகவே ஒவ்வொரு படிக்கும் ஒரு தேதி உண்டு. தேதி உள்ள பொருளுக்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை ராயபுரத்திலிருந்து வள்ளூர் வரையுள்ள நம் வடபகுதியைக் கொண்டே பார்ப்போம்.

முதலில் ரயிலை எடுத்துக்கொள்வோம். இரும்புச் சக்கரமும், அச்சும், அவற்றின் மேல் வில்லும், வில்லின் மேல் சட்டமும், சட்டத்தின் மேல் பலகையுமாக ரயில் பெட்டி அமைந்தது. இத்தனையும் அடுக்கிய பின், பெட்டியின் தளம் தண்டவாளத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பது தவிர்க்க முடியாததாயிற்று. அந்த உயரத்தை ஈடுசெய்யவே நடைமேடை கட்டப்பெற்றது. நம் நாட்டு அகலப் பாதையில் உயர்ந்த நடைமேடை என்பது தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை. தாழ்ந்த நடைமேடை 455 மில்லிமீட்டர். பெட்டியின் தளமோ ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர். கழித்துப் பாருங்கள். மிக உயர்ந்த நடைமேடையிலும் ஓர் அடிக்கு மேற்பட்ட ஏற்றம் மிஞ்சுகிறது. இடையே ஒரு சந்தும் இருக்கிறது. இளைஞர் ஒருவர் அதை எண்ணாமலே தாவிவிடுவார். கலிப்பர் அணிந்த ஒருவருக்கு அந்த ஓரடி ஒரு மதில்.

அடுத்து டிராம் வண்டி. 1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் அதுதான். 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் அது நின்றுபோயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் நகரத்துத் தெருக்களில் ஓடிய அவ்வண்டியைப் பற்றி முதியவர்கள் கனிவோடு பேசுவர். அது மெல்லச் சென்றது. தெரு மட்டத்திலேயே சென்றது. அதில் ஏற மேம்பாலமோ சுரங்கவழியோ கடக்க வேண்டியதில்லை. ஆயினும் தண்டவாளம் தெருவின் நடுவே கிடந்ததால், மற்ற வண்டிகளுக்கிடையே நடந்து சென்றே அதில் ஏற வேண்டியிருந்தது. விரைந்து நடக்க இயலாதவருக்கு டிராம் பாதி உதவியாயிற்று, பாதி அச்சமாயிற்று.

டிராம் போன பின் நகரத்தை ஆண்டது பஸ். 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு பஸ் போக்குவரத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. பின்னர் அது மாநகர் போக்குவரத்துக் கழகமாக வளர்ந்தது. இந்த பஸ்ஸின் வரலாற்றில் நம் எண்ணூருக்குப் பெரும் பங்கு உண்டு. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றி, 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிய தொழிற்சாலை எண்ணூரில்தான் எழுந்தது. நாட்டின் பல மூலைகளில் ஓடிய பஸ்களுக்கு அடிச்சட்டம் செய்து கொடுத்தவர்கள் நம் பகுதித் தொழிலாளர்கள்.

அந்த அடிச்சட்டத்தை ஒரு நிமிடம் கவனிப்போம். நம் நாட்டில் பல்லாண்டுகள் பஸ் என்பது லாரியின் சட்டத்தின் மேல் கட்டிய கூடாகவே இருந்தது. முன்னிருந்து பின்வரை நேராகச் செல்லும் இரண்டு எஃகு விட்டங்கள். அவற்றின் கீழே அச்சுகளும், சக்கரத்திற்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டும். அவற்றின் மேலே தளம். சரக்கு ஏற்றும் வண்டிக்கு இந்த உயரம் குறையன்று, நிறை. மேடு பள்ளமான சாலையில் அடிப்பகுதி இடிக்காது. ஆனால் மனிதர் ஏறும் வண்டிக்கும் அதே உயரம் வந்து சேர்ந்தது. தரையிலிருந்து தளம் வரை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர்; இடையில் இரண்டு மூன்று செங்குத்தான படிகள். சரக்குக்கு வகுத்த அளவை மனிதரும் சுமக்க நேர்ந்தது.

தளத்தைத் தாழ்த்த இயலாதா? இயலும். அடிச்சட்டத்தை வளைத்துத் தாழ்த்த வேண்டும். எஞ்சினைப் பின்னே கொண்டு போக வேண்டும். எஃகு வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பைகளின் மேல் வண்டியை நிறுத்த வேண்டும். அப்போது தளம் 400 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. நிறுத்தத்தில் காற்றைச் சிறிது வெளியேற்றினால், யானை பாகனுக்காகக் குனிவதுபோல் வண்டி கதவுப் பக்கம் சாய்ந்து கொடுக்கிறது.

இங்கே உங்களுக்கு ஒரு கணக்கு. சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் இருத்தல் நலம். அதாவது ஒரு சென்டிமீட்டர் உயர, பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் வேண்டும். 90 சென்டிமீட்டர் உயரமுள்ள பஸ்ஸுக்கு 10 மீட்டர் 80 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். ஏறக்குறைய ஒரு பஸ்ஸின் நீளம்! நடுத்தெருவில் அதை விரிக்க இடமேது? ஆனால் தளம் 40 சென்டிமீட்டராக இருந்து, நடைபாதை 15 சென்டிமீட்டர் உயர்ந்திருந்து, வண்டியும் சற்றுக் குனிந்தால் மிஞ்சுவது 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. கதவருகே மடித்து வைத்த ஒரு பலகையும், பின்னின்று தள்ள ஒரு கையும் போதும். உயர்ந்த தளத்தை வைத்துக்கொண்டு பலகையை மட்டும் சேர்ப்பதால் பயனில்லை என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது.

இதே கணக்கை ரயில் நிலையத்து மேம்பாலத்திற்கும் போடலாம். சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் பாதையில் 1931-இலேயே மின்சார ரயில் ஓடியது. வடக்கே கும்மிடிப்பூண்டிப் பாதைக்கு அது 1979-இல்தான் வந்தது. தண்டவாளத்திற்கு மேலே மின்கம்பி செல்வதால், மக்கள் கடக்கும் பாலம் அதற்கும் மேலே உயர்ந்து நிற்க வேண்டும். 6 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டாலும், 15 சென்டிமீட்டர் படியாக நாற்பது படிகள் ஏற வேண்டும்; மறுபுறம் நாற்பது படிகள் இறங்க வேண்டும். சாய்தளமாகக் கட்டினால் ஒரு பக்கத்திற்கே 72 மீட்டர் நீளம் ஆகும். விரைவு வேண்டி மின்சாரத்தைக் கொண்டுவந்தோம். அதனால் பாலமும் உயர்ந்தது. ஒருவருக்கு எளிமையாக வந்த மாற்றம் மற்றொருவருக்குச் சுமையாக வந்தது.

இக்கணக்கை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில் ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளிலும் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகள் இருந்தார்கள். வள்ளூர்ப் பக்கத்திலும் இருந்தார்கள். அவர்களுள் இரு கால்களிலும் கலிப்பர் அணிந்த ஒருவன் கணிதத்தில் வகுப்பிலேயே முதல்வன். பள்ளிப் படிப்பை முடித்தபின் நகரத்துக் கல்லூரி ஒன்றில் கணிதப் பட்ட வகுப்பில் இடம் கிடைத்தது. நாள்தோறும் பஸ், பிறகு ரயில், பிறகு மீண்டும் பஸ். சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை என் வீட்டிற்கு வந்தான். அவனுடைய குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது. காலையில் ஒரு பாலம், மாலையில் ஒரு பாலம். ஒவ்வொன்றிலும் ஏற 42, இறங்க 42. ஒரு நாளைக்கு 168 படிகள். கீழே, கல்லூரி நாட்களின் எண்ணிக்கையால் அதைப் பெருக்கி வைத்திருந்தான். “பாடம் எனக்கு வருகிறது ஐயா, ஆனால் முதல் மணி வகுப்புக்கு நான் போய்ச் சேருவதே இல்லை” என்றான். அந்த ஆண்டே கல்லூரியை விட்டு நின்று, அஞ்சல் வழியில் படித்துத் தேறினான். பட்டம் கிடைத்தது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே ஐயம் கேட்பதும், நூலகத்தில் மாலைவரை உட்கார்ந்திருப்பதும், நண்பர்களோடு வாதிடுவதும் கிடைக்கவில்லை.

இளம்பிள்ளை வாதம் இன்று நம் நாட்டில் இல்லை. 1995 முதல் நாடெங்கும் சொட்டு மருந்து இயக்கம் நடந்தது. தமிழ்நாட்டில் 2004-க்குப் பின்னும், இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திற்குப் பின்னும் இயற்கையான போலியோ வைரஸால் அந்நோய் கண்ட குழந்தை எவரும் இல்லை. 2014-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று வழங்கியது. ஆனால் நோய் போயிற்றே, இனிப் படிகளைப் பற்றிக் கவலை ஏன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அன்று நோய்வாய்ப்பட்ட குழந்தைகள் இன்று நாற்பதும் ஐம்பதும் கடந்தவர்களாக வாழ்கின்றனர். நீரிழிவினால் காலை இழப்போர் இருக்கின்றனர். துறைமுகமும், தொழிற்சாலைகளும், அனல்மின் நிலையங்களும், இரவு பகலாகச் சரக்குப் பெட்டி லாரிகள் ஓடும் சாலைகளும் நிறைந்த நம் பகுதியில் விபத்தில் உறுப்பிழந்தோரும் இருக்கின்றனர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு தமிழ்நாட்டில் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகளைக் கண்டது. முதுமையோ எண்ணிக்கைக்கு அடங்காமல் எல்லாரையும் தேடி வருவது.

இப்போது சற்று வெளியுலகைப் பார்ப்போம். உலகின் முதல் சுரங்க ரயில் 1863-இல் லண்டனில் ஓடியது. அதில் இறங்கப் படிகளே இருந்தன. படியின்றி ரயிலை அடைய வேண்டும் என்ற எண்ணம் நகர ரயில் வரலாற்றில் வேரூன்ற நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து விரைவு ரயில் 1972-இல் தொடங்கியபோது அதன் நிலையங்களில் மின்தூக்கிகள் அமைந்தன. அதற்காகத் திட்டக் காலத்திலிருந்தே விடாமல் வாதாடியவர் ஹெரால்டு வில்சன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தபோது விபத்துக்குள்ளாகிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். தொழிலாளர் நிறைந்த நம் வடசென்னையினர் நினைவிற்கொள்ள வேண்டிய பெயர்.

1978-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், அதே நாட்டின் டென்வர் நகரில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. சக்கர நாற்காலியில் வந்த பத்தொன்பது பேர் நடுச்சாலையில் பஸ்களின் முன்னும் பின்னும் நின்று மறித்தனர். தங்களை ஏற்றிச் செல்லாத பஸ் தங்களைக் கடந்தும் செல்ல வேண்டாம் என்பது அவர்கள் வாதம். இரவெல்லாம் அங்கேயே இருந்தனர். 1990-இல் அந்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெருஞ்சட்டம் பிறந்ததற்கு இத்தகைய கிளர்ச்சிகளும் காரணமாயின. ஜப்பானில் நடந்தது அமைதியானது. செயிச்சி மியாகே என்பவர் பார்வையற்றோர் காலாலும் கோலாலும் தொட்டறியும் புடைப்புக் கற்களை உருவாக்கினார். 1967-இல் ஒகாயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே அவை முதன்முதல் பதிக்கப்பெற்றன. சென்னை மெட்ரோ நிலையங்களில் மஞ்சள் நிறத்தில் நீளும் கோடு அந்தக் கற்களின் வழிவந்ததே.

நம் நாட்டுச் சட்டங்களின் வரலாறு என்ன? 1995-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், ரயில் பெட்டிகளும் பஸ்களும் மாற்றுத்திறனாளிகள் எளிதில் ஏறத்தக்கவாறு அமைய வேண்டும் என்று கூறியது. ஆனால் ‘பொருளாதார வலிமைக்கு உட்பட்டு’ என்ற சொற்களையும் சேர்த்துக் கூறியது. சட்டம் படிக்கப்போகும் மாணவர்கள் இத்தகைய சொற்களை உற்றுநோக்கிப் பழக வேண்டும். முன்வாசலில் கொடுத்ததைப் பின்வாசலில் எடுத்துக்கொள்ள அவை இடந்தருவன. 2007-இல் இந்தியா, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்றுறுதி செய்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை நீக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தது. 2016-இல் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய உரிமைச் சட்டம் வந்தது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் கணக்கிட்ட இடத்தில் இருபத்தொரு வகைகளை அது ஏற்றது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், ராஜீவ் ரதுரி என்ற பார்வையற்றவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. அணுகுவசதிக்கான விதிகள் வெறும் அறிவுரையாக இருப்பது சட்டத்திற்கு முரண் என்றும், கட்டாயமான அளவுகளை வகுக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. செய்தால் நலம் என்பதற்கும் செய்தே ஆக வேண்டும் என்பதற்கும் உள்ள தொலைவைக் கடக்க, 1995-இலிருந்து இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

சென்னையிலும் இவ்வழக்கு ஒரு வடிவில் நடந்தது. புதிய பஸ்களை வாங்க அரசு முற்பட்டபோது, அவை தாழ்தளப் பஸ்களாகவே இருக்க வேண்டும் என்று வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற உரிமை ஆர்வலர் உயர் நீதிமன்றத்தை நாடினார். சட்ட நூல்களில் உள்ள பெரிய சொற்களெல்லாம் அங்கே 900, 650, 400 என்ற மூன்று எண்களாகச் சுருங்கின. தளம் தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்பதே கேள்வி. சாலை பள்ளமாக இருக்கிறது, மழையில் நீர் தேங்குகிறது, தாழ்ந்த வண்டி ஓடாது என்பது ஒரு பக்கத்து வாதம். சாலையைச் செப்பனிடுவதும் அரசின் கடமையன்றோ என்பது மறுபக்கத்து வாதம். முடிவில் 552 தாழ்தளப் பஸ்கள் வாங்க முடிவாயிற்று. அவற்றைச் செய்து தரும் பொறுப்பு அசோக் லேலண்டு நிறுவனத்திற்கே வந்தது. லாரிச் சட்டத்தின் மேல் கூடு கட்டிய காலத்தைக் கண்ட அதே நிறுவனம் 400 மில்லிமீட்டர்த் தளத்தையும் செய்தது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் அவற்றுள் முதல் 58 பஸ்கள் ஓடத் தொடங்கின. 2025-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் வடசென்னையின் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பஸ்கள் புறப்பட்டன.

மெட்ரோ ரயிலின் கதை இதனினும் தெளிவானது. பழைய ரயிலில் நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே ஓரடி ஏற்றம் இருந்ததைக் கண்டோம். மெட்ரோவில் இரண்டும் ஒரே மட்டம். சக்கர நாற்காலி தடையின்றி உள்ளே உருண்டு செல்லும். நிலையத்தில் மின்தூக்கி உண்டு. சென்னையில் 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓடத் தொடங்கிய மெட்ரோ, 2019-இல் வண்ணாரப்பேட்டைக்கும், 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் விம்கோ நகருக்கும் வந்தது. தண்டையார்பேட்டையும், சுங்கச்சாவடியும், காலடிப்பேட்டையும், திருவொற்றியூரும் அந்த வரிசையில் சேர்ந்தன. ராயபுரத்தில் முதல் ரயில் புறப்பட்டு நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், வடசென்னையில் ஒருவர் படி ஏறாமலே ரயிலில் அமர முடிந்தது.

இத்துடன் கதை இனிதே முடிந்ததா? முடியவில்லை. வள்ளூரை நினைத்துப் பாருங்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வடக்கே, அத்திப்பட்டுக்கும் மீஞ்சூருக்கும் அருகே உள்ள ஊர். அங்கே 1,500 மெகாவாட் திறனுள்ள அனல்மின் நிலையம் இருக்கிறது. அங்கு எரியும் நிலக்கரியால் எத்தனையோ ஊர்களின் மின்தூக்கிகள் மேலும் கீழும் ஓடுகின்றன. ஆனால் மெட்ரோ விம்கோ நகரோடு நின்றுவிடுகிறது. கத்திவாக்கத்தையும் எண்ணூரையும் கடந்து வள்ளூர் வரை பஸ்ஸும் பழைய மின்சார ரயிலுமே துணை.

அவ்வூரில் காலை இழந்த தொழிலாளி ஒருவர் செயற்கைக் கால் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் நகரத்தின் மறுகோடியில், கலைஞர் கருணாநிதி நகரில் இருக்கிறது. வீட்டிலிருந்து நிறுத்தத்திற்குச் செல்லும் சாலை, நிறுத்தத்தில் பஸ்ஸின் படி, ரயில் நிலையத்து வாயில், மேம்பாலம், நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள சந்து, இறங்கும் நிலையத்தில் மீண்டும் பாலம், மீண்டும் பஸ், கடைசியாக மருத்துவமனை வாயில் என ஒரு பயணத்தில் எத்தனை கண்ணிகள்! இவற்றுள் ஏழு கண்ணிகள் செம்மையாக இருந்து எட்டாவது அறுந்திருந்தாலும் அவர் போய்ச் சேர மாட்டார். நடப்பதற்கு உதவும் காலைப் பெறுவதற்கே நடந்தாக வேண்டியிருக்கிறது. அரசு மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் 2021 முதல் நகரப் பஸ்களில் கட்டணமின்றிச் செல்ல வகை செய்தது. மிக நல்ல செயல். ஆயினும் ஏற முடியாத பஸ்ஸில் இலவசச் சீட்டு பயன்படாது.

பயணம் ஒரு சங்கிலி என்பதை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். பாதையை அமைப்பவர் ஒருவர். பஸ்ஸை வாங்குபவர் மற்றொருவர். நடைபாதையைக் கட்டுபவர் மாநகராட்சி. நெடுஞ்சாலை வேறொரு துறை. ரயில் மத்திய அரசு. ஒவ்வொருவரும் தத்தம் கண்ணியை மட்டும் பார்த்துக்கொண்டால், கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே பயணி விழுந்துவிடுகிறார். மெட்ரோ நிலையத்து மின்தூக்கி பளபளவென்று இருக்க, அதன் வாயிலுக்கு முன்னுள்ள நடைபாதை ஓரடி உயரத்தில் திடீரென முடிந்துபோனால், அந்த மின்தூக்கி யாருக்காகக் காத்திருக்கிறது?

இது சிலருக்காகப் பலர் செய்யும் தருமம் என்றும் எண்ண வேண்டாம். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் வாங்கி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கைக்குழந்தையோடு நிற்கும் தாயையும், பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாட்டனையும் பார்த்திருப்பீர்கள். 400 மில்லிமீட்டர்த் தளம் அவர்களனைவருக்கும் எளியது. எல்லாரும் விரைவில் ஏறி இறங்குவதால் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நேரமும் குறைகிறது. சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் வழக்காடிப் பெற்ற வசதியை அவரை அறியாத ஆயிரம் பேர் நாள்தோறும் துய்க்கின்றனர்.

மாணவர்களே, வரலாற்றுப் பாடத்தில் நாம் அரசர்களின் தேதிகளைக் கற்கிறோம். அவற்றோடு உங்கள் ஊரின் படிகளையும் கற்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆகவே ஒரு வேலை தருகிறேன். வரும் வாரத்தில் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, நீங்கள் பஸ் ஏறும் நிறுத்தத்திற்குப் போங்கள். நடைபாதையின் உயரம் என்ன, பஸ்ஸின் முதற்படி எவ்வளவு, ரயில் நிலையத்துப் பாலத்தில் எத்தனை படிகள், மின்தூக்கி இருந்தால் அது ஓடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பிலோ தெருவிலோ நடக்க இயலாதவர் ஒருவர் இருந்தால், அவரையும் கேட்டு எழுதுங்கள். எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எழுதிய தாளில் நாளையும் ஆண்டையும் இடுங்கள். அதை வகுப்பாசிரியரிடம் காட்டி, ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ அனுப்புங்கள். படிகளுக்குத் தேதி உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன். அவை நீங்கும் நாளுக்கும் ஒரு தேதி வேண்டும். அந்தத் தேதியை எழுதும் பொறியாளரும், அதிகாரியும், வழக்குரைஞரும் இன்று உங்கள் வகுப்புகளில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.